தாய் தந்த கவசம்

எங்கள் ஊர்ப் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் கோடை நாட்களில் பாரதம் படிப்பார்கள். பகலில் பிரசங்கம்; இரவில் கூத்து. கர்ணன் வேடம் திரையை விலக்கிக்கொண்டு வரும்போது, தூங்கி விழுந்துகொண்டிருந்த கூட்டமும் நிமிர்ந்து உட்காரும். பிறவியிலேயே கவச குண்டலங்களோடு வந்தவன் கர்ணன். அந்தக் கவசம் உடலில் இருந்தவரை அவனைக் கொல்ல ஒருவராலும் இயலவில்லை. அதைத் தானமாகக் கொடுத்த பிறகே அவன் வீழ்ந்தான்.

சிறுவயதில் கூத்துப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில், "நமக்கும் அந்த மாதிரிக் கவசம் இருந்தா எப்படி இருக்கும் ஆயா?" என்று என் பாட்டியைக் கேட்டிருக்கிறேன். அப்போது ஆயா ஒன்றும் சொல்லவில்லை. அதற்கான விடை கடந்த ஆண்டு எங்கள் விலங்கியல் வகுப்பில் கிடைத்தது. அத்தகைய கவசம் உண்டு. மண்ணில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் தாய் அதைப் பூட்டி அனுப்ப முடியும். அதன் பெயர் எதிர்ப்பொருள். அதைப் பற்றியும், அதை நாம் எவ்வளவு அலட்சியமாக எண்ணுகிறோம் என்பதைப் பற்றியும் சொல்லவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

ஆயாவின் கதை

நாங்கள் பட்டு நெசவுக் குடும்பம். தாத்தா தறியில் உட்கார்ந்தார். அப்பாவும் தறியில்தான் உட்கார்ந்திருக்கிறார். ஆயாவும் அம்மாவும் தார் சுற்றுவார்கள். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்.

வகுப்பில் பேராசிரியர் ரண ஜன்னி எனப்படும் டெட்டனஸ் நோயை விளக்கினார். பிறந்த குழந்தைக்கு அது வந்தால், முதல் இரண்டு நாள் நன்றாகப் பால் குடித்த குழந்தை பிறகு வாயைத் திறக்க மாட்டாது, தாடை இறுகிவிடும், தொட்டாலோ சத்தம் கேட்டாலோ உடம்பு வில் போல் வளையும், பெரும்பாலும் பிறந்த இரண்டு வாரத்துக்குள் இறந்துவிடும் என்றார். கேட்டுக்கொண்டிருந்த எனக்கு உடம்பு சிலிர்த்தது. இதே சொற்களை நான் வீட்டில் கேட்டிருக்கிறேன்.

மாலையில் ஆயாவிடம் மெதுவாகக் கேட்டேன். என் அப்பாவுக்கு முன் ஆயாவுக்கு இரண்டு குழந்தைகள் பிறந்து இறந்தன என்பது எங்களுக்குத் தெரியும். எப்படி என்று யாரும் கேட்டதில்லை.

"ரெண்டும் வீட்லதான் பொறந்துச்சு. மருத்துவச்சி வந்து அரிவாள்மணையில கொடியை அறுத்து, சாம்பலும் சாணியும் வெச்சா. அப்போ எல்லாருக்கும் அதான் வழக்கம். ஆறாம் நாளு, ஏழாம் நாளு பால் குடிக்கல. வாய் கட்டிக்கிச்சு. வில்லாட்டம் வளைஞ்சுது. ஜன்னின்னாங்க. மந்திரிச்சாங்க, நிக்கல."

"அப்புறம்?"

"அப்புறம் என்னா? புள்ளையத் தின்னவன்னு மாமியார் சொன்னாங்க. உங்கப்பன் வயித்துல இருக்கும்போதுதான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஊசி போட்டாங்க. அவன் நின்னான்."

அந்த ஊசிதான் அப்பாவைக் காத்தது என்று அறுதியிட்டுக் கூற நான் மருத்துவர் அல்லேன். ஆனால் அந்த நோய் எது, அது எவ்வாறு வருகிறது, அதற்குத் தாய் எவ்விதத்திலும் குற்றவாளி அல்லள் என்பதைப் பாடப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு ஆயாவுக்குச் சொன்னேன். நெடுநேரம் பேசாமலிருந்து, "அப்போ நான் ஒண்ணும் பண்ணலியாம்மா?" என்று கேட்டார். ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளாக அவர் மனத்தில் கிடந்த கேள்வி அது.

நோயின் இயல்பு

ரண ஜன்னியை உண்டாக்குவது க்ளாஸ்ட்ரிடியம் டெட்டனி என்னும் பாக்டீரியா. மண்ணிலும், மாடு, குதிரை முதலியவற்றின் சாணத்திலும் அது ஸ்போர் என்னும் வித்து நிலையில் பல ஆண்டுகள் உறங்கிக் கிடக்கும். வெயிலும் வறட்சியும் அதை எளிதில் கொல்வதில்லை. பிராணவாயு புகாத ஆழமான காயத்துக்குள் நுழைந்துவிட்டால் விழித்துக்கொள்ளும். "துருப்பிடித்த இரும்பு குத்தினால்தான் ஆபத்து" என்று நம்மவர்கள் சொல்வார்கள். உண்மையில் குற்றம் துருவில் இல்லை; அதோடு ஒட்டி வரும் மண்ணில் இருக்கிறது. முள் குத்தினாலும் வரலாம். கொடி அறுத்த தொப்புளில் சாணி வைத்தால் சொல்லவே வேண்டாம்.

காயத்தில் வளரும் கிருமி ஒரு நஞ்சைச் சுரக்கிறது. அந்த நஞ்சு நரம்புகளின் வழியே ஏறித் தண்டுவடத்தை அடைந்து, தசைகளைத் தளரச் செய்யும் ஆணைகளைத் தடுத்துவிடுகிறது. ஆகவேதான் தசைகள் இறுகியது இறுகியபடியே நிற்கின்றன. ஒரு கிலோ உடல் எடைக்குச் சுமார் 2.5 நானோகிராம் நஞ்சு ஓர் ஆளைக் கொல்லப் போதுமானது. ஒரு நானோகிராம் என்பது ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு. இதில் இன்னொரு விந்தையும் உண்டு. அம்மை நோய் ஒருமுறை வந்து போனால் உடல் அதை நினைவில் வைத்துக்கொள்ளும். ரண ஜன்னியோ பிழைத்து எழுந்தவருக்கும் எதிர்ப்புச் சக்தியைத் தருவதில்லை. கொல்வதற்கு வேண்டிய நஞ்சின் அளவு, உடலின் காவல் படையை எழுப்ப வேண்டிய அளவைவிடக் குறைவு என்பதே காரணம். எனவே நோயிலிருந்து மீண்டவரும் தடுப்பூசி போட்டுக்கொள்ளத்தான் வேண்டும்.

இரவல் கவசம்

இந்த நஞ்சுக்கு முறிவு கண்ட வரலாறு சுவையானது. பெர்லினில் ராபர்ட் காக்கின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய ஜப்பானியரான கிட்டசாட்டோ 1889-ஆம் ஆண்டில் இக்கிருமியைத் தனியாகப் பிரித்து வளர்த்தார். அடுத்த ஆண்டில், அதாவது 1890-இல், அவரும் ஜெர்மானியரான பேரிங்கும் சேர்ந்து ஓர் உண்மையை வெளியிட்டனர். நோய்க்கு எதிராகப் பழக்கப்படுத்தப்பட்ட முயலின் இரத்தத்திலிருந்து எடுத்த சீரத்தைச் சுண்டெலிக்குச் செலுத்தினால், அந்தச் சுண்டெலியும் நஞ்சைத் தாங்கிப் பிழைத்துக்கொள்கிறது! அதாவது ஓர் உயிர் உழைத்துச் செய்த கவசத்தைக் கழற்றி இன்னோர் உயிருக்கு மாட்டிவிடலாம். மருத்துவத்துக்கான முதல் நோபல் பரிசு 1901-இல் பேரிங்குக்குக் கிடைத்தது, கிட்டசாட்டோவுக்குக் கிடைக்கவில்லை.

பிறகு குதிரைகளுக்கு நச்சுப்பொருளைச் சிறிது சிறிதாகச் செலுத்தி, அவற்றின் சீரத்தை மருந்தாக்கினார்கள். முதல் உலகப் போரில் குதிரைச் சாணம் கலந்த வயல்களில் காயம்பட்டு விழுந்த வீரர்களுக்கு இந்தச் சீரம் கொடுக்கத் தொடங்கிய பின் ரண ஜன்னி வெகுவாகக் குறைந்தது. தொண்டை அடைப்பான் நோயால் மூச்சு முட்டிய எண்ணற்ற குழந்தைகளையும் இத்தகைய சீரமே காப்பாற்றியது.

ஆயினும் இரவல் கவசம் இரவல்தான். வாங்கியவுடன் வேலை செய்யும் என்பது அதன் பெருமை. நெடுநாள் தங்காது என்பது அதன் குறை. மனித எதிர்ப்பொருளே ஏறத்தாழ மூன்று வாரத்தில் பாதியாகிவிடும். குதிரையுடையது இன்னும் விரைவில் போய்விடும். சிலருக்குக் காய்ச்சல், தடிப்பு, மூட்டுவலி என்று ஒவ்வாமையையும் தரும். அதனால்தான் மனித இரத்தத்திலிருந்து எடுத்த இம்யூனோகுளோபுலின் வழக்கத்துக்கு வந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, நரம்புக்குள் புகுந்துவிட்ட நஞ்சை எந்த எதிர்ப்பொருளாலும் வெளியே இழுக்க முடியாது. இரத்தத்தில் அலையும் நஞ்சை மட்டுமே அது பிடிக்கும். வெள்ளம் வந்த பின் போடும் அணை போன்றது அது.

சொந்தக் கவசம்

ஆகவே உடலே தனக்கு வேண்டிய கவசத்தைச் செய்துகொள்ளும்படி பழக்குவதே சிறந்தது. 1920-களில் பிரெஞ்சு அறிஞர் ரமோன், நஞ்சை ஃபார்மலினால் பதப்படுத்தி, அதன் கொடுமையை நீக்கி, அடையாளத்தை மட்டும் வைத்துக்கொள்ளும் முறையைக் கண்டார். பல் பிடுங்கிய பாம்பு எனலாம். அதுவே டாக்சாய்டு. உடல் அந்த அடையாளத்தைப் பார்த்துத் தானே எதிர்ப்பொருளைச் செய்யக் கற்றுக்கொள்கிறது. ஆனால் கற்பதற்குக் காலம் வேண்டும். ஒரு பாடத்தைத் திரும்பத் திரும்பப் படிப்பது போல் பல தவணைகளும் வேண்டும்.

நம் மாநிலத்தில் குன்னூரில் 1907-இல் தொடங்கப்பட்ட பாஸ்டர் நிலையம், வெறிநாய்க்கடி மருந்தோடு நில்லாமல், தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரண ஜன்னி ஆகிய மூன்றுக்குமான முத்தடுப்பு மருந்தையும் தயாரித்து நாட்டுக்கு வழங்கியது என்பது நாம் பெருமைப்பட வேண்டிய செய்தி.

கருவிலே திருவுடையோர்

இனி, தலைப்புக்கு வருகிறேன். பிறந்த குழந்தைக்குத் தானே கவசம் செய்யத் தெரியாது. தடுப்பூசி போட்டுக் கற்றுக்கொடுக்கவும் நாளில்லை. ஏழாம் நாளே எமன் வாசலில் நிற்கிறான். அப்படியானால் யார் காப்பது?

தாய்தான். கருவுற்ற தாய்க்குத் தடுப்பூசி போட்டால் அவள் உடல் எதிர்ப்பொருளைச் செய்கிறது. அவற்றுள் ஐ.ஜி.ஜி. என்னும் வகை, நஞ்சுக்கொடியைக் கடந்து குழந்தையின் இரத்தத்தில் சேர்கிறது. அது தற்செயலாகக் கசிந்து போவதன்று. நஞ்சுக்கொடியில் அதற்கென்றே அமைந்த ஏற்பிகள் அதைப் பிடித்து மறுகரை சேர்க்கின்றன. கருவின் கடைசி மூன்று மாதங்களில் இந்தப் போக்குவரத்து மிகுதி. பிறக்கும் நாளில், கொடி எந்தக் கத்தியால் அறுக்கப்பட்டாலும், குழந்தையின் இரத்தத்தில் தாயின் கவசம் தயாராக இருக்கிறது. விலங்கும் வேண்டாம், புட்டியும் வேண்டாம். தாயின் உடலே மருந்துச் சாலையாகிவிடுகிறது!

சுபத்திரையின் வயிற்றில் இருந்தபடியே சக்கர வியூகத்தின் கதையைக் கேட்டவன் அபிமன்யு. உள்ளே நுழையும் வழியைக் கற்றான். வெளியே வரும் வழியைக் கேட்கவில்லை. தாய் தரும் கவசமும் அப்படித்தான். அது சில மாதங்களில் கரைந்துவிடும். மீதிப் பாடத்தைக் குழந்தை தானே படிக்க வேண்டும். அதற்காகத்தான் 6, 10, 14-ஆம் வாரங்களில் தடுப்பூசி. பிறகு ஒன்றரை வயதையொட்டியும், ஐந்து வயதிலும், 10 மற்றும் 16 வயதிலும் ஊக்க ஊசி.

இந்த எளிய வழியின் பயனைப் பாருங்கள். 1988-ஆம் ஆண்டில் உலகில் 7,87,000 பச்சிளங் குழந்தைகள் ரண ஜன்னியால் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. 2018-இல் அது 25,000 ஆகக் குறைந்தது. சில பத்தாண்டுகளுக்கு முன் இந்தியாவில் மட்டும் ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் முதல் இரண்டு லட்சம் குழந்தைகள் இந்நோய்க்கு ஆளாயின. அவற்றுள் இரண்டு எங்கள் வீட்டில் பிறந்தவையாக இருக்கக்கூடும். 1978-இல் விரிவுபடுத்தப்பட்ட தடுப்பூசித் திட்டமும், 1985-இல் அனைவருக்குமான தடுப்பூசித் திட்டமும் வந்தன. சுத்தமான கை, சுத்தமான இடம், சுத்தமான கத்தி, சுத்தமான நூல், சுத்தமான தொப்புள் என்னும் ஐந்து சுத்தங்கள் கற்பிக்கப்பட்டன. பிரசவங்கள் மருத்துவமனைக்கு மாறின. 2015-இல் தாய்-சேய் ரண ஜன்னி இந்தியாவில் ஒழிக்கப்பட்டதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது.

ஒழிந்ததா?

இங்கேதான் என் கருத்தைச் சொல்ல விரும்புகிறேன். "ஒழிந்தது" என்ற சொல் நம்மை மயக்குகிறது. பெரியம்மை ஒழிந்ததைப் போல் இது ஒழியவில்லை, ஒழியவும் ஒழியாது. ஒவ்வொரு மாவட்டத்திலும் 1,000 பிரசவங்களுக்கு ஒன்றுக்கும் குறைவாக நோய் இருக்கிறது என்பதே இந்த அறிவிப்பின் பொருள். கிருமி மண்ணிலேயே இருக்கிறது. ஏகாம்பரநாதர் கோயில் தேர் ஓடும் வீதியிலும், நம் வீட்டுத் தறிக்குழியிலும், மாட்டுக் கொட்டிலிலும் இருக்கலாம்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தட்டம்மை போன்ற நோய்கள் மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொற்றுபவை. ஊரில் பெரும்பாலோர் தடுப்பூசி போட்டால், போடாதவரும் அந்த நிழலில் தப்பிக்கலாம். ரண ஜன்னி ஆளிடமிருந்து ஆளுக்குப் பரவுவதில்லை. மண்ணிலிருந்து நேரே காயத்துக்கு வருகிறது. ஆகவே இதில் பொதுக் குடை கிடையாது. ஊரே கவசம் அணிந்திருந்தாலும் அணியாத ஒருவன் நிராயுதபாணிதான். பக்கத்து வீட்டுக்காரர் போட்ட ஊசி நம்மைக் காக்காது.

அப்படி நிராயுதபாணியாக நிற்பவர் யார்? தாய்மாரையும் குழந்தைகளையும் முன்னிட்டுத் திட்டங்கள் வந்தன. அது மிகச் சரி. ஆனால் அந்தத் திட்டங்களுக்கு முன்பே பிறந்த நம் தாத்தாக்களும், ஒரு தவணை பெற்று மறு தவணையைத் தவறவிட்டவர்களும், பள்ளியைப் பாதியில் விட்டுத் தறியேறியதால் 16 வயது ஊசியைக் காணாத பிள்ளைகளும் இருக்கிறார்கள். இவர்களே வெறுங்காலுடன் மிதியை மிதிப்பவர்கள்.

சென்ற ஆண்டு தறிமேடைப் பலகையிலிருந்த ஆணி என் அப்பாவின் காலில் ஆழமாக ஏறிவிட்டது. மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டு மறுபடியும் தறியில் உட்கார்ந்துவிட்டார். கல்யாண முகூர்த்தத்துக்குப் புடவை கொடுக்க வேண்டுமே! நான் வற்புறுத்தி அழைத்துச் சென்றேன். "செப்டிக் ஆகாம ஒரு டி.டி. ஊசி போடுங்க" என்றார் அப்பா. மருத்துவர் காயத்தைக் கழுவியபடியே, "இதற்கு முன் மூன்று தவணையும் முழுதாகப் போட்டிருக்கிறீர்களா? கடைசியாகப் போட்டது எப்போது?" என்று கேட்டார். அப்பா என் முகத்தைப் பார்த்தார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். எங்களுக்குத் தெரியவில்லை.

அந்தக் கேள்வியின் பொருளை மருத்துவரே பொறுமையாக விளக்கினார். முன்பே பாடம் படித்த உடலுக்கு ஓர் ஊக்க ஊசி போதும். சில நாளில் பழையதை நினைவுபடுத்திக்கொண்டு கவசத்தைச் செய்துவிடும். பாடமே படிக்காத உடலுக்கு அந்த ஒரே ஊசியால் உடனடிப் பயன் இல்லை. அது கற்று முடிப்பதற்குள் நஞ்சு முந்திக்கொள்ளலாம். அழுக்கான ஆழ்ந்த காயமானால் இரவல் எதிர்ப்பொருளையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். அப்பாவுக்கு இரண்டும் கொடுத்தார்கள். மீதித் தவணைகளுக்கும் நாள் குறித்தார்கள். "டி.டி. போட்டாச்சு, இனிப் பயமில்லை" என்று நாம் சொல்லிக்கொள்வது பாதி உண்மையே என்பதை அன்று உணர்ந்தேன்.

இரண்டு மறுப்புகள்

"அந்தக் காலத்தில் ஊசியா போட்டார்கள்? நாங்கள் நன்றாக இல்லையா?" என்று பெரியவர்கள் கேட்பார்கள். நன்றாக இருப்பவர்கள்தாம் இன்று கேட்கிறார்கள். ஏழாம் நாள் போனவர்களுக்குக் கேட்க வாய் ஏது? அவர்களுக்காகப் பேச என் ஆயாவைப் போன்றவர்களின் கண்ணீர் மட்டுமே இருக்கிறது.

"அறிவியல் வளர்ந்துவிட்டதே, ஆய்வுக்கூடத்திலேயே எதிர்ப்பொருளைச் செய்கிறார்களே, நோய் வந்தபின் பார்த்துக்கொண்டால் என்ன?" என்று நம் நண்பர்கள் சிலர் கேட்கலாம். உண்மைதான். ஆந்த்ராக்ஸ் நச்சுக்கு எதிராக அவ்வாறு செய்த ஓர் எதிர்ப்பொருள் 2012-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அந்த வளர்ச்சியை வரவேற்கிறேன். ஆனால் விலை மிக்க இரவல் கவசத்தை நம்பி, அரசு இலவசமாகக் கொடுக்கும் சொந்தக் கவசத்தைக் கைவிடுவது, வீட்டுக் கிணற்றைத் தூர்த்துவிட்டு விலைத் தண்ணீருக்குக் காத்திருப்பது போலாகும். உலகமும் தாயின் வழியைத்தான் மேலும் நாடுகிறது. பச்சிளங் குழந்தைகளைக் கக்குவான் இருமலிலிருந்து காக்க, 2012 முதல் பிரிட்டனில் கருவுற்ற தாய்மாருக்கு அதற்கும் தடுப்பூசி போடுகிறார்கள்.

நாம் செய்ய வேண்டுவது

நண்பர்களே! நம்மில் பலர் வீட்டின் முதல் பட்டதாரிகள். நாம் படிப்பது வேலைக்கு மட்டும்தானா? நாம் எழுதும் விடைத்தாள் மதிப்பெண்ணோடு முடிந்துவிடுகிறது. அதே விடையை வீட்டில் சொன்னால் ஓர் உயிர் நிற்கலாம்; ஒரு பழி நீங்கலாம்.

ஆகவே மூன்று வேண்டுகோள்கள். முதலாவது, ஒவ்வொருவரும் இன்றே தம் தடுப்பூசிக் கணக்கைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டாவது, மருத்துவர் எங்கள் அப்பாவைக் கேட்ட அந்தக் கேள்வியை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்க வேண்டும். ஒன்றும் போடாத பெரியவர்களுக்கு முதல் தவணை, நான்கு வாரம் கழித்து இரண்டாவது, ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் மூன்றாவது. பிறகு பத்தாண்டுக்கு ஒருமுறை ஊக்க ஊசி. காயம்படும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. மூன்றாவது, நம் கல்லூரி நாட்டு நலப் பணித் திட்ட முகாமில் சாலை கூட்டுவதோடு ஒரு நாளை நெசவாளர் தெருக்களுக்கு ஒதுக்கி, ஆரம்ப சுகாதார நிலையத்தின் துணையோடு இந்தக் கணக்கை எடுக்க வேண்டும். பேராசிரியப் பெருமக்கள் இதற்கு வழிகாட்ட வேண்டுகிறேன்.

என் அண்ணிக்கு இவ்வாண்டு ஆண் குழந்தை பிறந்தது. கருவுற்றிருந்தபோது, ரண ஜன்னிக்கும் தொண்டை அடைப்பானுக்கும் சேர்த்துப் போடும் ஊசி இரு தவணை போட்டார்கள். ஆயாதான் இரண்டு முறையும் உடன் சென்றார். ஏழாம் நாள் குழந்தை ஓசை கேட்கப் பால் குடித்துக்கொண்டிருந்தது. ஆயா பக்கத்தில் உட்கார்ந்து அதன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து போய்த் தார் சுற்ற உட்கார்ந்தார்.

கர்ணன் தன் கவசத்தைக் கொடுத்துவிட்டு வீழ்ந்தான். நம் தாய்மார்களோ கொடுத்த பின்னும் தம் கவசத்தை இழப்பதில்லை; தாமும் வாழ்ந்து சேயையும் வாழ்விக்கிறார்கள். அந்தக் கவசத்தை நாமும் பூணுவோம். நம் வீட்டாருக்கும் பூட்டுவோம்.

— இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல் (விலங்கியல்) மாணவி